ஆளாளுக்கு டேக் போட்டா குப்பையாகிடாதா?

நீங்க கேட்டது இதுதான்: ஒரு குழுவா சேர்ந்து பழைய போட்டோ, ஸ்கேன் பண்ண பத்திரிகைப் பக்கம், ஆடியோன்னு ஒரு பொதுச் சேகரிப்பு ஆரம்பிக்கிறீங்க, பாதிப் பேர் "முதல்ல ஒரு கேட்டகரி லிஸ்ட் முடிவு பண்ணிட்டு அதுக்குள்ளதான் எல்லாத்தையும் போடணும்"ங்கிறாங்க, மீதிப் பேர் "அவங்கவங்க இஷ்டத்துக்கு டேக், அதாவது பொருளோட ஒட்டுற குறிச்சொல், போடட்டும், தானா ஒழுங்காகிடும்"ங்கிறாங்க, இதுல யார் சொல்றது சரி. என் ஓட்டு ரெண்டாவது கட்சிக்குத்தான். ஆனா தானா ஒழுங்காகிடும்ங்கிறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். இணையத்துல கடந்த இருபது வருஷத்துல ஜனங்க சேர்ந்து டேக் போட்டு நல்லா நின்ன இடம் எதை எடுத்துப் பார்த்தாலும், முன்னாடி எல்லாரும் சுதந்திரமா எழுதிக்கிட்டிருப்பாங்க, பின்னாடி ஒரு சின்னக் கூட்டம் உக்காந்து அந்த வார்த்தைகளை ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டே இருக்கும். இந்த ரெண்டுல எது இல்லன்னாலும் சேகரிப்பு படுத்துடும். ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், நீங்க குழுவுல போய்ப் பேச உதவும்.

முதல்ல கேட்டகரி கட்சி. ஒரு போட்டோவை நினைச்சுக்கங்க, மழை பெய்யுது, பாலத்து மேல நீராவி இன்ஜின் போகுது, கீழ ஆத்துல வெள்ளம், கரையில குடை பிடிச்சுக்கிட்டு நாலு பேர் நிக்கிறாங்க. இதை 'ரயில்'ல வைப்பீங்களா 'பாலம்'லயா 'வெள்ளம்'லயா? ஃபோல்டர்னா ஏதோ ஒரு இடத்துலதான் வைக்க முடியும், எங்க வச்சாலும் மத்த ரெண்டு பக்கத்துலேர்ந்து தேடி வர்றவங்களுக்கு அது கிடைக்காது. டேக்னா மூணையும் போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம். 2004ல ஜிமெயில் வந்தப்போ ஃபோல்டரைத் தூக்கிட்டு லேபிள் வச்சாங்களே, அதுவும் இதே காரணம்தான், ஒரே மெயில் 'ஆபீஸ்', 'பில்', 'அவசரம்' மூணுலயும் இருக்கலாம்.

லைப்ரரியில இந்தச் சிக்கல் ரொம்பப் பழசு, ஏன்னா புத்தகம்ங்கிறது கையில பிடிக்கிற பொருள், ஒரு அலமாரியிலதான் நிக்க முடியும், அதனால யாராவது ஒருத்தர் இது இந்த வகைன்னு தீர்ப்பு சொல்லியே ஆகணும். அப்படித் தீர்ப்பு சொல்றவங்களோட உலகம் அந்த லிஸ்ட்டுக்குள்ள அப்படியே வந்து உக்காந்துடும். அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876ல கொண்டுவந்த தசமப் பகுப்பு முறையில ஒவ்வொரு துறைக்கும் ஒரு எண் உண்டு, மதத்துக்கு 200லேர்ந்து ஆரம்பிக்கும், அதுல 220லேர்ந்து 280கள் வரைக்கும் கிறிஸ்தவத்துக்கே போயிடுச்சு, மிச்ச உலகத்து மதங்கள் அத்தனையும் ரொம்ப காலத்துக்கு 290ங்கிற ஒரே மூலையில நெருக்கியடிச்சுக்கிட்டு இருந்துச்சு. வேணும்னு யாரும் பண்ணல, போட்டவருக்குத் தெரிஞ்ச உலகம் அவ்வளவுதான். நீங்க நாலு பேர் உக்காந்து ஒரு சாயங்காலத்துல போடுற கேட்டகரி லிஸ்ட்டுலயும் இது நடக்கும், நாலு பேருக்குத் தெரியாத விஷயம் எல்லாம் 'மற்றவை'ங்கிற ஃபோல்டருக்குப் போகும், ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா அந்த 'மற்றவை'தான் எல்லாத்தையும் விடப் பெருசா வளர்ந்து நிக்கும்.

இதுல ஒருத்தரைச் சொல்லாம நகர மனசு வரல. சென்னைப் பல்கலைக்கழகத்துல நூலகரா இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1933ல கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு விஷயத்தை ஏற்கெனவே போட்டு வச்ச ஒரே கட்டத்துல அடைக்காம, அதுல என்ன பொருள், எதால ஆனது, என்ன செயல் நடக்குது, எந்த இடம், எந்தக் காலம்னு முகம் முகமாப் பிரிச்சு, அப்புறம் அதையெல்லாம் சேர்த்து ஒரு குறி எழுதலாம்னு காட்டினவர் அவர். மேல சொன்ன ரயில் போட்டோவுக்கு நீங்க நாலு டேக் போடறீங்கன்னா கிட்டத்தட்ட அதே யோசனையைத்தான் செய்றீங்க. அவர் முறையில அந்தப் பிரிப்பைச் செய்யப் பயிற்சி எடுத்த நூலகர் வேணும், இங்க யார் வேணா செய்யலாம், வித்தியாசம் அவ்வளவுதான். இதை ஏன் சொல்றேன்னா, டேகிங்னா ஏதோ ஒழுங்குக்கே எதிரி மாதிரி உங்க குழுவுல பேசிக்கிறாங்கன்னு எழுதியிருந்தீங்க, அப்படி இல்ல, ஒழுங்கைப் பத்தி ரொம்ப ஆழமா யோசிச்சவங்களும் ஒரு பொருளுக்கு ஒரு கட்டம் பத்தாதுங்கிற இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தாங்க.

இப்ப இணையத்துக்கு வருவோம். ஜோஷுவா ஷாக்டர்னு ஒரு புரோகிராமர், தனக்குப் பிடிச்ச லிங்க்கையெல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல சேர்த்து, பக்கத்துல ஒரு வார்த்தை ரெண்டு வார்த்தை குறிச்சு வச்சுக்கிட்டிருந்தவர், அதையே வளர்த்து 2003ல டெலிஷியஸ்ங்கிற புக்மார்க் சைட்டா ஆக்கினார். நீங்க சேமிக்கிற லிங்க்குக்கு எந்த வார்த்தை வேணா டேகா போடலாம், யார்கிட்டயும் அனுமதி வேண்டாம், முன்னாடியே ரெடியா ஒரு லிஸ்ட்டும் கிடையாது. ஆனா நீங்க போட்டது மத்தவங்களுக்கும் தெரியும், ஒரு டேகைத் தொட்டா அதே டேக் போட்ட எல்லார் லிங்க்கும் வந்து நிக்கும். அடுத்த வருஷம், 2004 பிப்ரவரியில, ஃப்ளிக்கர்ங்கிற போட்டோ பகிர்ற சைட் வந்து போட்டோவுக்கு இதையே பண்ணுச்சு. அதே 2004ல தாமஸ் வாண்டர் வால் இதுக்கு ஃபோக்சானமின்னு பேர் வச்சார், ஜனங்களே போட்டுக்கிற வகைப்பாடுன்னு அர்த்தம் வர்ற மாதிரி. பேர் கிடக்கட்டும், இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு, அதை நிறையப் பேர் விட்டுடறாங்க.

டெலிஷியஸ்ல டேக் போட்டவங்க யாரும் உலகத்துக்குச் சேவை பண்ணணும்னு போடல. நாளைக்குத் தனக்கே அந்த லிங்க் திரும்பக் கிடைக்கணும், அதுக்காகத்தான் போட்டாங்க. தன் சௌகரியத்துக்குப் போட்டதோட உபபலன்தான் பொதுவுல உருவான ஒழுங்கு. இது ஏன் முக்கியம்னா, தனக்காகப் போடறவங்க பொய் டேக் போட மாட்டாங்க, பொய்யா போட்டா நாளைக்குத் தேடுறப்போ அவங்களே ஏமாறுவாங்க. சம்பந்தம் இல்லாத பத்து வார்த்தையை அடுக்கவும் மாட்டாங்க. டேகிங் வேலை செஞ்ச ஒவ்வொரு இடத்துலயும் இந்தச் சுயநலம் அடியில இருக்கு, டேகிங் கெட்டுப்போன இடத்துல பார்த்தா இது இருக்காது, மத்தவங்க கண்ணுல படணும்ங்கிற ஆசை மட்டும் இருக்கும். ஹேஷ்டேக் கதையே அதுதான், பின்னாடி வர்றேன்.

சரி, அவங்கவங்க இஷ்டத்துக்குப் போட்டா எப்படிய்யா ஒத்துப்போகும்? ரெண்டு ஆராய்ச்சி இருக்கு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர்த் திசையில பேசற மாதிரி இருக்கும், ஆனா ரெண்டும் உண்மை. 1987ல ஃபர்னாஸும் அவரோட சேர்ந்தவங்களும் சோதிச்சுப் பார்த்தாங்க, ஒரே பொருளுக்கு ரெண்டு பேரைத் தனித்தனியா ஒரு வார்த்தை சொல்லச் சொன்னா, ரெண்டு பேரும் அதே வார்த்தையைச் சொல்றதுக்கான வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் கீழ. அஞ்சுல ஒரு தடவைகூட ஒத்துப்போகாது. அப்புறம் 2006ல ஹெச்பி ஆய்வகத்துல கோல்டரும் ஹியூபர்மேனும் டெலிஷியஸ் டேட்டாவை எடுத்துப் பார்த்தா, ஒரு லிங்க்கை சுமாரா முதல் 100 பேர் புக்மார்க் பண்ணினதுக்கு அப்புறம், எந்த டேகுக்கு எவ்வளவு பங்குங்கிறது கிட்டத்தட்ட நிலைச்சு நின்னுடுது, அதுக்கு மேல இன்னும் ஆயிரம் பேர் வந்தாலும் பெருசா மாறல. ரெண்டு பேர் ஒத்துப்போக மாட்டாங்க, நூறு பேர் சேர்ந்தா ஒரு நிலையான வடிவம் கிடைச்சுடும். காரணமும் சொன்னாங்க, முன்னாடி வந்தவங்க போட்டதைப் பார்த்து அதையே போடறது ஒண்ணு, எல்லாருக்கும் பொதுவா இருக்கிற அறிவு இன்னொண்ணு.

உங்க விஷயத்துல மாட்டுற இடம் இங்கதான் இருக்கு. டெலிஷியஸ்ல ஒரே லிங்க்குக்கு நூத்துக்கணக்கான பேர் தனித்தனியா டேக் போட்டாங்க. ஃப்ளிக்கர்ல ஒரு போட்டோவுக்கு டேக் போடறது பெரும்பாலும் அதைப் போட்டவர் ஒருத்தர்தான், மிஞ்சினா அவர் நண்பர்கள். வாண்டர் வால் இதை அகலமான ஃபோக்சானமி, குறுகலான ஃபோக்சானமின்னு ரெண்டாப் பிரிச்சார். அகலமானதுல டேகுகள் ஒரு ஓட்டெடுப்பு மாதிரி, ஒருத்தர் தப்பாப் போட்டாலும் கூட்டத்துல அமுங்கிடும். குறுகலானதுல ஓட்டே கிடையாது, ஒருத்தர் 'வெள்ளம்'னு போட மறந்துட்டா அந்தப் போட்டோ வெள்ளம் தேடறவங்களுக்கு இல்லாமலே போயிடும். உங்க சேகரிப்பு குறுகலான வகை, ஒரு போட்டோவுக்கு ஒருத்தர், சில சமயம் ரெண்டு பேர். அதனால "டெலிஷியஸ்ல தானா ஒழுங்காச்சே"ன்னு உங்க நண்பர் சொல்றது இங்க பொருந்தாது. நூறு பேர் வராத இடத்துல அந்த வேலையை வேற யாராவது கையால செய்யணும்.

இன்னொரு விஷயம், டேக்னா எல்லாம் 'இது எதைப் பத்தினது'ன்னு மட்டும் சொல்றது இல்ல. கோல்டர், ஹியூபர்மேன் அதையும் வகை பிரிச்சாங்க: எதைப் பத்தினது, என்ன மாதிரிப் பொருள், யாருடையது, எப்படிப்பட்டதுன்னு ஒரு அபிப்பிராயம், 'என்னோடது', 'அப்புறம் படிக்கணும்' இப்படி. கடைசி ரெண்டும் மத்தவங்களுக்குப் பைசா பிரயோஜனம் இல்ல, அதனால நிறையக் குழுக்கள்ல முதல் வேலையா அதைத் தடை பண்ணிடறாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. 'அப்புறம் பார்க்கணும்'னு போட வர்றவர்தான் கையோட 'பாலம்'னும் போட்டுட்டுப் போவார், அவரை உள்ள கூட்டிட்டு வர்றதே அந்தச் சொந்த டேக்தான். அதைத் தனிப்பட்ட டேகா, அவர் கண்ணுக்கு மட்டும் தெரியற மாதிரி வச்சுட்டாப் போதும்.

இப்ப குப்பை பத்தி. நீங்க பயப்படற குப்பை நிஜமாவே வரும். ஒருமை பன்மை, எழுத்துப்பிழை, ரெண்டு அர்த்தம் உள்ள வார்த்தை, இது எல்லா மொழியிலயும் உண்டு. தமிழ்ல கூடுதலா சிலது சேரும். ரயில், இரயில், ரெயில், புகைவண்டி, தொடருந்து, எல்லாம் ஒண்ணுதான், ஆனா மெஷினுக்கு அஞ்சு டேக். 'ரயில் பாலம்'னு இடம் விட்டு ஒருத்தர், சேர்த்து ஒருத்தர், நடுவுல அடிக்கோடு போட்டு ஒருத்தர். இதெல்லாமாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்கே தெரியாத ஒண்ணு இருக்கு, தமிழ்ல டேக் சிஸ்டம் கட்டுறவங்க நிறையப் பேர் கவனிக்காம விட்டுடறது: யூனிகோடுல, அதாவது கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கிற முறையில, 'ொ', 'ோ', 'ௌ' இந்த மூணு உயிர்க்குறியையும் ஒரே குறியா எழுதலாம், இல்ல ரெண்டு துண்டா, அதாவது கொம்பு தனி, கால் தனின்னு சேர்த்தும் எழுதலாம். திரையில ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி தெரியும், ஆனா உள்ள இருக்கிற எண் வேற. 'கோபுரம்'னு ரெண்டு பேர் அடிச்சது ரெண்டு தனி டேகா நிக்கும், ஏன் சர்ச்ல பாதிதான் வருதுன்னு மண்டையைப் பிச்சுக்குவீங்க. 'ஸ்ரீ'க்கும் இதே மாதிரி ரெண்டு எழுத்துவழி இருக்கு. பழைய ஃபான்ட்லேர்ந்து மாத்தின டெக்ஸ்ட்டுல இது நிறைய வரும். அந்த மூணு உயிர்க்குறிக்கும் தீர்வு சுலபம், டேகைச் சேமிக்கிறதுக்கு முன்னாடி யூனிகோட் நார்மலைசேஷன், அதாவது ரெண்டு விதமா எழுதினதை ஒரே விதமா மாத்தறது, அதுல என்எஃப்சின்னு சொல்ற வடிவம், அதை ஒரு வரி கோடுல பண்ணிடலாம், ஆனா 'ஸ்ரீ'யை அது தொடாது, அதை நீங்களே தனியா மாத்தி எழுதணும். இதை முதல் நாளே செஞ்சுடுங்க, பின்னாடி பண்றது ரொம்பக் கஷ்டம்.

மத்த குப்பையை என்ன பண்றது? இதுக்குப் பெரிய சைட்டுங்க ஒவ்வொண்ணும் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு. புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்குற ஸ்டாக் ஓவர்ஃப்ளோல ஒரு கேள்விக்கு ஒரு டேகாவது போடணும், அஞ்சுக்கு மேல போட முடியாது, ஏற்கெனவே இருக்கிற டேகை யார் வேணா போடலாம் ஆனா புதுசா ஒரு டேகை உருவாக்கணும்னா 1500 புள்ளி சம்பாதிச்சிருக்கணும், ஒரே அர்த்தம் உள்ளதை ஒத்த சொல்லா இணைக்கலாம். லைப்ரரிதிங், 2005ல டிம் ஸ்பால்டிங் ஆரம்பிச்சது, அங்க தன் புத்தகங்களைப் பட்டியல் போட்டு வச்சுக்கிறவங்களே, ஒரே அர்த்தம்தான்னு படற டேகுகளைச் சேர்த்து விடலாம், சேர்த்தது தப்புன்னா பிரிச்சும் விடலாம். ரெண்டும் நல்ல வழி.

ஆனா என்னைக் கேட்டா இந்த விஷயத்துல எல்லாரையும் விட நல்லாப் பண்ணினது ரசிகர் கதைகளுக்கான, அதாவது பிடிச்ச நாவல், சினிமா பாத்திரங்களை வச்சு ரசிகர்களே எழுதற கதைகளுக்கான சைட், ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன். 2009 நவம்பர்ல எல்லாருக்கும் திறந்து விட்டாங்க, 2019ல அறிவியல் புனைகதை உலகத்தோட ஹியூகோ விருதே வாங்குச்சு. அங்க எழுதறவங்க எந்த டேக் வேணா போடலாம், ஒரு முழு வாக்கியத்தையே டேகா போடறவங்களும் உண்டு. பின்னாடி டேக் ராங்லர்ஸ்னு சொல்ற தன்னார்வலர்கள் இருக்காங்க, ஒவ்வொருத்தரும் தனக்கு நல்லாத் தெரிஞ்ச கதை உலகத்தை எடுத்துக்கிட்டு, புதுசா வர்ற டேகைப் பார்த்து இது ஏற்கெனவே இருக்கிற இந்த டேகுக்குச் சமம்னு முடிச்சுப் போடுவாங்க. ஒரே பாத்திரத்தோட பேரை ஒருத்தர் முழுசா எழுதுவார், ஒருத்தர் செல்லப்பேர் மட்டும் எழுதுவார், ஒருத்தர் வேற மொழியில எழுதுவார், எதைத் தொட்டாலும் எல்லாக் கதையும் வரும். இதுல என்னைக் கட்டிப்போட்ட விஷயம், எழுதினவர் போட்ட டேகை அவங்க மாத்தறதே இல்ல. அவர் எழுதின மாதிரியேதான் அவர் பக்கத்துல இருக்கும், அவர் வார்த்தை அவருக்கு. முடிச்சு மட்டும் பின்னாடி. எழுதறவருக்கு மரியாதையும் போகல, தேடறவருக்கு வசதியும் போகல. டேகைத் திருத்தி எழுதற குழுக்கள்ல ரெண்டு மாசத்துல சண்டை வந்து ஆளுங்க விலகிடறதை நான் பார்த்திருக்கேன், அதனாலதான் இதை அழுத்திச் சொல்றேன். அளவில்லாமப் போடறதும் கஷ்டம்னு தெரிஞ்சு 2021ல ஒரு படைப்புக்கு 75 டேக்னு ஒரு உச்சவரம்பு வச்சாங்க, அதுவும் நியாயம்தான்.

இந்த ரசிகர்கள் கூட்டம் ஏற்கெனவே டேகிங்ல கில்லாடிங்கன்னும் சொல்லணும். டெலிஷியஸை வச்சுத்தான் கதைகளை வகைப்படுத்திக்கிட்டிருந்தாங்க, ரெண்டு பாத்திரத்தோட பேருக்கு நடுவுல சாய்கோடு போட்டு டேக் போடறது அவங்க வழக்கம். 2011ல டெலிஷியஸ் கை மாறி புது வடிவத்துல வந்தப்போ அந்தச் சாய்கோடு தேடலே உடைஞ்சு போச்சு, பத்து வருஷத்துக்குக் கிட்ட சேர்த்த உழைப்பு ஒரே ராத்திரியில தேட முடியாமப் போச்சு. பின்போர்டுங்கிற சின்ன புக்மார்க் சைட்டை நடத்தின மாசே செக்லாவ்ஸ்கி, உங்களுக்கு என்னதான் வேணும்னு கேட்டதுக்கு, எல்லாரும் சேர்ந்து ஒரே ஆன்லைன் டாக்குமெண்ட்டுல பக்கம் பக்கமா, தலைப்பு பிரிச்சு, ஒழுங்கா எழுதிக் கொடுத்தாங்க. யாரோ வகைப்படுத்திக் கொடுக்கட்டும்னு காத்திருக்காம, தன் பொருளைத் தானே அடுக்கத் தெரிஞ்ச ஜனங்க.

இன்னொரு நல்ல பாடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல இருக்கு, 2004ல ஸ்டீவ் கோஸ்ட் ஆரம்பிச்ச வரைபடம். அங்க ஒரு கோடு சாலையா, ஆறா, வேலியாங்கிறதை டேக்தான் சொல்லுது, ஒவ்வொரு டேகும் ரெண்டு பகுதி, முன்னாடி எந்த வகைத் தகவல், பின்னாடி அதோட மதிப்பு. நீங்க எதை வேணா எழுதலாம், சட்டப்படி தடுக்க யாரும் இல்ல. ஆனா எந்த டேகுக்கு என்ன அர்த்தம்னு ஒரு விக்கியில எழுதி வச்சிருக்காங்க, எந்த டேகை எத்தனை தடவை பயன்படுத்தியிருக்காங்கன்னு யாரும் பார்க்கலாம், எடிட் பண்ற ஆப்லயே வழக்கமான டேகுகள் பட்டன் மாதிரி வந்துடும். சுதந்திரம் இருக்கு, ஆனா வழக்கத்தைப் பின்பற்றுறதுதான் சுலபம்ங்கிற மாதிரி அமைச்சிருக்காங்க. ஒரு பலவீனமும் பாருங்க, அங்க சாலை வகையில 'அன்கிளாசிஃபைட்'னு ஒண்ணு இருக்கு, புதுசா வர்றவங்க வகை தெரியாத சாலைக்குப் போடறதுன்னு நினைச்சுப் போட்டுடுவாங்க, உண்மையில அது பிரிட்டன் சாலை வரிசையிலேர்ந்து வந்தது, சின்னப் பொதுச் சாலைன்னு அர்த்தம். யார் முதல்ல ஆரம்பிச்சாங்களோ அவங்க ஊர் பழக்கம் உலகத்துக்கே டேகா ஆயிடுச்சு. டூயி கதைதான் இதுவும், ஜனங்களே போட்டா இது வராதுன்னு நினைக்க வேண்டாம். அதனாலதான் அதிகமா வர்ற டேக் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி விளக்கம் எழுதி வைங்கன்னு சொல்லுவேன்.

உங்க சேகரிப்புக்கு ரொம்ப நெருக்கமான உதாரணம் அமெரிக்க காங்கிரஸ் நூலகம். 2008 ஜனவரியில பழைய போட்டோ சுமார் 3,000 எடுத்து ஃப்ளிக்கர்ல போட்டு, யார் வேணா டேக், கமெண்ட் போடுங்கன்னு திறந்து விட்டாங்க. அந்த அக்டோபர் கணக்குப்படி 4,615 போட்டோ, 2,518 பேர் சேர்ந்து 67,176 டேக் போட்டிருந்தாங்க. எல்லாரும் பயந்த அசிங்கம், வசவு? நீக்க வேண்டி வந்தது 25க்கும் கம்மி. ஜனங்க கொடுத்த தகவலை வச்சு நூலகம் தன் சொந்த கேட்டலாக்ல 500க்கு மேல பதிவுகளைத் திருத்துச்சு. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, படத்துல இருக்கிறவர் யாரு, எந்தத் தெரு, எந்த வருஷம், இந்தக் கட்டடம் இப்ப இருக்காங்கிற மாதிரி விஷயம் வந்து விழுந்தது கமெண்ட்ல. ஒருத்தர் ஒரு ஊகம் சொல்வார், இன்னொருத்தர் பழைய பத்திரிகையைத் தேடி ஆதாரம் கொண்டு வருவார். அப்படிப்பட்ட தகவலை ஒரு வார்த்தை டேகுக்குள்ள அடைக்க முடியாது. டேக் மட்டும் வச்சுட்டு கமெண்ட்டை மூடிடாதீங்க, பெரியவங்க நிறைய பேர் டேக் போட மாட்டாங்க, ஆனா கதை சொல்வாங்க, அந்தக் கதையிலேர்ந்து டேகை நீங்க எடுத்துக்கலாம்.

நிபுணர்கள் ஏற்கெனவே குறிப்பு எழுதியிருந்தா ஜனங்க டேக் எதுக்குன்னும் யாரோ கேட்டிருக்காங்க. அமெரிக்க ஓவிய அருங்காட்சியகங்கள் சேர்ந்து ஸ்டீவ்னு ஒரு டேகிங் திட்டம் நடத்தினாங்க, அதுல பார்வையாளர்கள் போட்ட டேக்ல 86 சதவீதம் அருங்காட்சியகக் குறிப்புல எங்கயுமே இல்லாத வார்த்தை. யோசிச்சா புரியும், நிபுணர் ஓவியர் பேர், ஆண்டு, பாணி எழுதுவார், படத்துல ஒரு நாய் இருக்குன்னு எழுதணும்னு அவருக்குத் தோணாது. தேடி வர்றவர் தேடறதோ நாயை.

ஹேஷ்டேக் பக்கம் வர்றேன்னு சொன்னேன். 2007 ஆகஸ்ட் 23ல கிறிஸ் மெசினா ட்விட்டர்ல ஒரு வார்த்தைக்கு முன்னாடி # சின்னத்தைப் போட்டுக் குழுவா பேசலாமான்னு கேட்டார், ரெண்டு மாசத்துல சான் டியாகோ காட்டுத்தீ வந்தப்போ ஜனங்க தகவல் பரிமாற அதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க, 2009ல ட்விட்டரே அதை லிங்க்கா ஆக்குச்சு. பேரிடர் நேரத்துல இன்னைக்கும் அதுக்கு இணை இல்ல. ஆனா ஒரு பொருளை அடுக்கி வைக்கிற கருவியா அது நிக்கல, ஏன்னா அங்க டேக் போடறது நாளைக்கு நான் தேடறதுக்காக இல்ல, இன்னைக்கு நீ பார்க்கறதுக்காக. ட்ரெண்ட்ல எது ஓடுதோ அது சம்பந்தமே இல்லாத பதிவுலயும் ஒட்டிக்கும், முப்பது டேக் வரிசையா நிக்கும். டேக் ஆயுதமாகவும் ஆகும், 2014ல ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில விளையாடறவங்க டேக் போடலாம்னு விட்டதும், பிடிக்காத கேமுக்கு 'இது கேமே இல்ல'ன்னு டேக் போட்டுத் தாக்க ஆரம்பிச்சாங்க. அதனால உங்க சைட்டுல அதிகமா டேக் போட்டவருக்குப் பட்டியல், பேட்ஜ், முதலிடம்னு எதுவும் வைக்காதீங்க. எண்ணிக்கைக்குப் பரிசு வச்சா எண்ணிக்கைதான் வரும்.

மெஷினே டேக் போட்டுடுமே, மனுஷங்க எதுக்குன்னு உங்க குழுவுல இளசுங்க கேக்கிறாங்கன்னீங்க. போடட்டும், தப்பில்ல, ஆனா பரிந்துரையா மட்டும். 2015ல ஃப்ளிக்கர் தானியங்கி டேகைக் கொண்டுவந்தப்போ நாஜி வதைமுகாம் போட்டோவுக்குக் குழந்தைங்க ஏறி விளையாடற கம்பின்னும், விளையாட்டுன்னும் டேக் விழுந்துச்சு, கறுப்பினத்தவர் ஒருத்தரோட படத்துக்குக் குரங்குன்னு விழுந்துச்சு. இன்னைக்கு மென்பொருள் எவ்வளவோ முன்னேறியிருக்கு, ஆனாலும் படத்துல தெரியறதைத்தான் அது சொல்லும், தெரியாததைச் சொல்லாது. பாலம், ரயில், குடை, மழைன்னு சரியா சொல்லிடும். அந்தப் பாலம் அடுத்த நாள் இடிஞ்சுச்சுங்கிறதையோ, கரையில நிக்கிறவங்க யாருங்கிறதையோ அங்க இருந்தவங்கதான் சொல்லணும். பொதுவான வார்த்தையை மெஷின்கிட்ட விட்டுட்டு, மனுஷங்க நேரத்தை இந்த மாதிரி டேகுக்குச் செலவழிங்க.

இப்ப நீங்க செய்ய வேண்டியது என்னன்னு என் அபிப்பிராயம். எல்லாத்தையும் டேக்ல விடாதீங்க, தேதி, இடம், யார் கொடுத்தது, யாருக்கு உரிமை, இந்த நாலுக்கும் தனிக் கட்டம் வச்சு அதைக் கட்டாயம் ஆக்குங்க. மத்ததெல்லாம் திறந்த டேக். டைப் பண்ண ஆரம்பிச்சதும் ஏற்கெனவே இருக்கிற டேகுகள், எத்தனை இடத்துல இருக்குங்கிற எண்ணோட கீழ வரட்டும், இது ஒண்ணே பாதி எழுத்துப்பிழையைத் தடுத்துடும், ஆனா அது ஒரு வார்த்தையையே எல்லாரும் பிடிச்சுத் தொங்கவும் வைக்கும்ங்கிறதை ஞாபகம் வச்சுக்கங்க. வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு மூணு பேர் உக்காந்து அந்த வாரம் புதுசா வந்த டேகை மட்டும் பார்த்து, சமமானதை முடிச்சுப் போடணும், போட்டவர் எழுதினதைத் தொடாம. ரெண்டு பேர் ஒத்துக்கிட்டாத்தான் முடிச்சு, எப்ப வேணா அவிழ்க்கிற மாதிரி இருக்கணும். உயிரோட இருக்கிறவங்க பேரை டேகா போடறதுக்கு மட்டும் அவங்களோட அனுமதி கேளுங்க, யாராவது என் பேரை எடுங்கன்னா காரணம் கேக்காம எடுத்துடுங்க.

அப்புறம் டேக் டேட்டாவை மாசத்துக்கு ஒரு தடவை சாதாரண சிஎஸ்வி ஃபைலா, அதாவது எந்த மென்பொருள்லயும் திறக்கிற எளிய அட்டவணையா எக்ஸ்போர்ட் பண்ணி, குழுவுல குறைஞ்சது ரெண்டு பேர்கிட்ட கொடுத்து வைங்க. டெலிஷியஸை 2005ல யாஹூ வாங்குச்சு, 2011ல இன்னொருத்தர் கைக்குப் போச்சு, அப்புறமும் கை மாறி 2017ல பின்போர்டுக்கே வந்து சேர்ந்து, புதுசா எதுவும் சேர்க்க முடியாதபடி நின்னு போச்சு. அந்தக் காலத்துல தன் புக்மார்க்கை எக்ஸ்போர்ட் பண்ணி வச்சவங்க டேக் மட்டும் இன்னைக்கும் பத்திரமா இருக்கு. எக்ஸ்போர்ட்ல போட்டோ பேர், போட்டவர் எழுதின டேக், நீங்க முடிச்சுப் போட்ட டேக், தேதி, இந்த நாலு நெடுவரிசையும் இருக்கான்னு ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க, நிறைய மென்பொருள் முடிச்சுப் போட்டதை மட்டும் எழுதிட்டு, ஜனங்க எழுதின மூல வார்த்தையை விட்டுடும்.